மூச்சுக்கு ரெண்டு கிளை

மடியில கம்ப்யூட்டரு, கண்ணுல தூக்கமில்ல. ராத்திரிக்கு என்னமோ பெரிய காரியம் செய்யப் போறேன்னு உங்கம்மா சொன்னா. பொண்ணு கிண்ணு பார்த்துட்டியோன்னு நான் வெள்ளை வேட்டிய எடுத்து உதறி வச்சேன். விசாரிச்சா, லினக்ஸுக்குப் புதுப் பதிப்பு ஏத்தப் போறியாம். சரி, வேட்டிய மடிச்சு வச்சாச்சு. உக்காரு பேராண்டி. தேத்தண்ணி குடி. எல்கடுவையில மழை விடுறதுக்குள்ள சொல்ல வேண்டியதச் சொல்லிடுறேன். மழை விட்டா நீ சிக்னல் தேடிப் பாறையில ஏறிடுவ.

முதல்லயே சொல்லிடுறேன், எனக்கு இந்தப் பொட்டியப் பத்தி ஒண்ணும் தெரியாது. நாப்பது வருஷம் தேயிலைத் தோட்டத்துல கவ்வாத்துக் கத்தி புடிச்ச கை இது. நீயும் உன் தங்கச்சியும் பேசுறத வெத்தல இடிச்சுக்கிட்டே கேக்குறவன், அவ்வளவுதான். தாத்தாவுக்குக் காது கேக்காதுன்னு நீங்க நெனச்சுக்கிட்டிருக்கிறது எனக்கும் வசதியாத்தான் இருக்கு.

இப்ப உன் பொட்டியில ஓடுறது உபுண்டு 22.04. போகப் போறது 24.04. இதக் கேட்டப்ப சம்பள உயர்வாக்கும்னு நெனச்சேன். ரெண்டே ரெண்டு ரூபா கூடியிருந்ததால நம்புற மாதிரியும் இருந்துச்சு. அப்புறந்தான் தங்கச்சி சொன்னா: முன்னால உள்ளது வருஷம், பின்னால உள்ளது மாசம். 2024 ஏப்ரல்ல வந்தது 24.04. 2004 அக்டோபர்ல பொறந்த மொத உபுண்டுவுக்கு 4.10ன்னு பேரு. பொறந்த தேதியப் பேர்லயே எழுதிக்கிட்டுத் திரியுறவன் நாணயமானவன்தான். எனக்கெல்லாம் மூணு வயசு இருக்கு: அடையாள அட்டைக்கு ஒண்ணு, தோட்டத்துக் கணக்குக்கு ஒண்ணு, உங்க பாட்டிகிட்ட சொன்னது ஒண்ணு.

ஒவ்வொரு பதிப்புக்கும் ஒரு மிருகத்தோட பேராம். இப்ப இருக்கிறவன் ஜெல்லிமீனு. வரப் போறவன் நம்பட்டு. ஆஸ்திரேலியாவுல கறையானத் தின்னு பொழைக்கிற சின்ன உருப்படி. அட, அத முன்னாலயே சொல்லியிருந்தா ஒரு ஜோடி கேட்டிருப்பேனே! லயத்துக் கூரையில அவனுக்கு வேலை நெறைய கெடக்கு.

சரி, எதுக்கு மாத்துற? பொட்டி நின்னு போச்சா? சுத்திக்கிட்டே இருக்கா? ஒண்ணுமில்ல. கொழும்புல இருக்கிற கூட்டாளி மாத்திட்டான். அவன் கல்யாணம் கட்டுனப்ப இந்த அவசரம் உனக்கு வரலையேடா.

உபுண்டுவுல ரெண்டு வகை இருக்குன்னு நீதான் சொன்ன. ஆறு மாசத்துக்கு ஒருக்கா வர்றது ஒண்ணு. அதுக்கு ஒன்பது மாசந்தான் பராமரிப்பு. வயித்துல புள்ள தங்குற காலம். பெத்து முடிக்கிறதுக்குள்ள அடுத்தது வந்துரும். இன்னொண்ணு ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா, ஏப்ரல்ல வர்றது. அதுக்கு அஞ்சு வருஷம் மருந்தடிப்பாங்க. உன்னோடது இந்த ரெண்டாவது வகை. 2022ல வந்ததுக்கு 2027 வரைக்கும் ஆயுசு கெட்டி. ஆனா அது வரைக்கும் கால நீட்டிப் படுத்துறாத. ஆயுசு முடிஞ்சா ஓட்டைய அடைக்க ஆள் வர மாட்டான். போகத்தான் வேணும். எப்ப, எப்பிடிங்கிறதுதான் கேள்வி.

இந்த மாத்தளைப் பக்கமெல்லாம் ஒரு காலத்துல காப்பி. நம்ம ஆளுங்க மன்னார்க் கரையில எறங்கிக் காடு வழியா மாத்தளைக்கு நடந்து வந்ததே காப்பிக்குத்தான். 1869ல இலைக்கு அடியில மஞ்சத் தூள் தூவுன மாதிரி ஒரு பூஞ்ச நோய் வந்துச்சு. இருவது வருஷம் போறதுக்குள்ள காப்பி படுத்துருச்சு. ஆனா ஜேம்ஸ் டெய்லர்னு ஒரு வெள்ளக்காரன், லூல்கந்துரத் தோட்டத்துல, 1867லயே 19 ஏக்கர்ல தேயிலைய நட்டுட்டான். காப்பி நல்லா நிக்கும்போதே ஒரு ஓரத்துல நட்டான்.

உனக்கு அந்த 19 ஏக்கர் பென் டிரைவ்தான். புதுப் பதிப்ப அதுல எழுதி, பொட்டிய அதுல இருந்தே கிளப்பி, உள்ள ஒண்ணையும் தொடாம ஓட்டிப் பார்க்கலாமாமே? வைஃபை புடிக்குதா, சத்தம் வருதா, மூடித் தொறந்தா முழிச்சுக்குதான்னு பாரு. எறக்குறதுக்குக் கிட்டத்தட்ட 6 ஜிபி ஆகும், உன் டேட்டா கார்டு தாங்காதுன்னு அழுவ. நைட் டேட்டாவுல எறக்கு. விடிய விடிய முழிச்சிருந்து நீ எறக்குற மத்ததுக்கெல்லாம் டேட்டா தாங்குதே, இதுக்கு மட்டும் என்னவாம்?

இனி என் தொழிலுக்கு வர்றேன். தேயிலைய மூணு நாலு வருஷத்துக்கு ஒருக்காக் கவ்வாத்து வெட்டி மொட்டையாக்கணும். வெட்டாம விட்டா செடி மரமாகிடும், கொழுந்து கொறஞ்சு போகும், பொம்பளைங்க கைக்கு எட்டாது. ஆனா கத்தி எடுத்தவனெல்லாம் வெட்டிற முடியாது. மொதல்ல வேரப் பார்க்கணும். இலையெல்லாம் போனப்புறம் செடி எதத் திங்கும்? வேர்ல சேத்து வச்ச மாச்சத்தத்தான். அது இருக்கான்னு பார்க்க வேர்த்துண்ட வெட்டி அயடின் விடுவாங்க. கருநீலமாச்சுன்னா கத்திய எடு. ஆகாட்டி செடிக்குக் கொஞ்ச நாள் ஓய்வு குடு.

உன் பொட்டிக்கு வேர் எது? டிஸ்க்குல இடம். உள்ள பார்த்து முடிச்ச படம் நாப்பது கெடக்கு; புதுசு வந்து எங்க உக்காரும், உன் மடியிலயா? அப்புறம் பழைய பதிப்புக்கு வந்த அப்டேட் எல்லாத்தையும் மொதல்ல போட்டு முடி. அப்புறம் கொந்தரப்பு ஆளுங்க. வெளியாளுங்க களஞ்சியத்துல இருந்து அது இதுன்னு கொண்டாந்து போட்டிருக்கியே, அதையெல்லாம் ஏத்துற நேரத்துல நிறுத்தி வச்சிடுவானாம். வேலை முடிஞ்சப்புறம் நீதான் ஒவ்வொருத்தனாத் திரும்பக் கூப்பிடணும். கூப்பிடாம விட்டுட்டு, லினக்ஸு கெட்டுப் போச்சுன்னு லயம் பூரா சொல்லிக்கிட்டுத் திரியாத.

அடுத்தது மூச்சு. வெயில் காயுற மலையில ஒரேயடியா மொட்டையடிக்க மாட்டோம். செடிக்கு ரெண்டு கிளைய இலையோட விட்டுட்டு வெட்டுவோம். புதுத் துளிர் வர்ற வரைக்கும் செடி அதுல மூச்சு விடும். துளிர் புடிச்சப்புறம் அந்தக் கிளையையும் எடுத்துருவோம். உன் பொட்டிக்கு அந்தக் கிளை, நீ எடுத்து வைக்கிற காப்பி. தங்கச்சியோட ஏ.எல். நோட்ஸு, அம்மா பாஸ்போர்ட்டுக்கு எடுத்த போட்டோ, என் ஈ.பி.எஃப். பேப்பரு எல்லாத்தையும் வேற டிஸ்க்குக்கு எடுத்து வை. அதே பொட்டிக்குள்ள இன்னொரு ஃபோல்டர்ல வச்சுட்டுக் காப்பி எடுத்துட்டேன்னு சொல்லாத. கறையான் புடிச்ச வீட்டுல கீழ்ப் பலகையில இருந்தத மேல் பலகைக்கு மாத்துற கதை அது. எடுத்தத இன்னொரு பொட்டியில போட்டுத் தொறந்தும் பாரு. அந்தக் காலத்துக் காப்பி செத்ததுக்கு நோய் காரணம். உன் காப்பி செத்தா அதுக்கு நீதான் காரணம்.

லினக்ஸும் தன் பங்குக்கு ஒரு கிளைய விட்டு வைக்குது. புதுக் கர்னல் வந்தாலும் பழச ஒடனே தூக்கிப் போடுறதில்ல; புதுசு மக்கர் பண்ணா, கிளம்புற எடத்துல பட்டியலத் தொறந்து பழசத் தேர்ந்தெடுத்து எழும்பலாம். செஞ்சவங்களுக்கே தங்கள் மேல அவ்வளவு சந்தேகம் இருக்கு. உனக்கு மட்டும் உன் மேல சந்தேகமே வரல.

எப்ப வெட்டுறதுன்னு கேட்டா, தோட்டத்துக்குப் புதுத் தொர வந்தா நாங்க என்ன செய்வோம்? மொத மாசம் காலையில பேரு குடுக்குற பெரட்டுல அமைதியா நின்னு, ஆளு எப்பிடின்னு பார்ப்போம். உபுண்டுக்காரங்களும் அதத்தான் செய்றாங்க. ஏப்ரல்ல பதிப்பு வந்தாலும், பழைய அஞ்சு வருஷப் பதிப்புல இருக்கிறவனுக்கு ஒடனே கதவு தொறக்கிறதில்ல. ‘.1’ன்னு ஒரு திருத்தப் பதிப்பு வரணும். 24.04.1 வந்தது 2024 ஆகஸ்ட் கடைசியில. சரின்னு கதவத் தொறந்தாங்க. தொறந்த கையோட, ஏத்தி விடுற கருவியிலயே ஒரு கோளாறு இருக்குன்னு தெரிஞ்சுச்சு. வெக்கப்படாம கதவச் சாத்தி, சரி பண்ணிட்டுத்தான் மறுபடி தொறந்தாங்க. உன் கூட்டாளி ஏப்ரல்லயே சுவரேறிக் குதிச்சவன். அவன் இன்னமும் நொண்டுறது நமக்கென்ன தெரியாதா?

உபுண்டுவுக்கு மூலவரு டெபியன். தேதி குடுத்துட்டு அடிச்சுப் புடிச்சு வர்ற பழக்கமே அவருக்குக் கெடையாது, சரியாச்சுன்னாத்தான் வருவாரு. 12ஆம் பதிப்பு 2023 ஜூன்ல, 13 வந்தது 2025 ஆகஸ்ட்ல. பேரெல்லாம் டாய் ஸ்டோரிப் படத்துப் பொம்மைங்களோட பேரு. பொம்மைப் பேரு வச்சுக்கிட்டுக் கெழவன் புத்தியோட நடக்கிறாரு. எனக்கு அவரப் புடிச்சுப் போச்சு. உனக்குக் கெழவன் பேரு, பொம்மை புத்தி.

ஏத்த ஆரம்பிச்சா ரகசியச் சொல் கேக்கும். நீ அடிக்கிற, திரையில ஒரு புள்ளிகூட வராது. ‘கீபோர்டு செத்துருச்சு’ன்னு போன தடவ நீ கத்துனது மடுவம் வரைக்கும் கேட்டுச்சு. பெரட்டுல நாம பேரு சொல்லும்போது கணக்கப்புள்ள தலையையா தூக்குறாரு? எழுதிக்குவாரு. நம்பி அடி.

நடுவுல ஒரு கேள்வி வரும்: நீ மாத்தி வச்ச பழைய அமைப்பையே வச்சுக்கவா, புதுசப் போட்டுறவான்னு. அங்கதான் நீ படிக்காம ஒரு எழுத்த அமுக்குவ. அந்தக் காலத்துல ‘துண்டு’ன்னு ஒரு சீட்டு இருந்துச்சு. கங்காணியும் அவன் ஆளுங்களும் எவ்வளவு கடன்னு தொர எழுதிக் குடுக்குறது. அந்தக் கடனக் கட்டுற தோட்டத்துக்கு ஆளுங்க போகணும். சீட்டுல என்ன இருக்குன்னு படிக்கத் தெரியாத சனம். 1921ல சட்டம் போட்டு அத ஒழிச்சாங்க. நூறு வருஷங் கழிச்சு, கம்பஸ் வரைக்கும் படிச்ச நீ, ஒத்த வரியப் படிக்காமக் கைநாட்டு வைக்கிற.

லினக்ஸுல நமக்குப் புடிச்சதே அங்க துண்டு இல்லாததுதான். உன் பொட்டி கண்டியில பழசா வாங்குனது. 2025 அக்டோபர் 14ஓட விண்டோஸ் 10க்கு வழக்கமான பராமரிப்பு முடிஞ்சுச்சு. 11க்குப் போகணும்னா டிபிஎம் 2.0ன்னு ஒண்ணு வேணுமாம்; உன் பொட்டிக்கு அந்தப் பாக்கியம் இல்ல. லினக்ஸு அதெல்லாம் கேக்காம உள்ள விட்டுச்சு. யாரும் எடுக்கலாம், பிரிக்கலாம், தன் பேரு வச்சுக்கலாம். கண்டிக்கு மேல நிக்கிற ஹந்தானை மலையோட பேர்லயே, ஃபெடோராவ மூலமா வச்சு, இந்த நாட்டுப் புள்ளைங்க ஒரு லினக்ஸு செஞ்சிருக்காங்க. நீ எல்கடுவப் பேர்ல ஒண்ணு செய்வேன்னு பார்த்தா, சுவர்ப்படத்த மட்டும் மாத்திக்கிட்டிருக்க.

வெர்ஷன் மாத்துறதப் பத்தி எங்க சனத்துக்கா சொல்லித் தரப் போற? வெள்ளக்காரக் கம்பெனி இருந்துச்சு. 1975ல கம்பெனித் தோட்டங்கள அரசாங்கம் எடுத்துச்சு. 1992ல பாதிக்கு மேல மறுபடி கம்பெனிங்க கைக்குப் போச்சு. ஒவ்வொரு தடவையும் பலகைக்குப் புதுப் பெயின்ட். ஆளுங்களுக்கும் பேரு மாறுச்சு: கூலி, இந்தியத் தமிழர், இந்திய வம்சாவளி. மலையகத் தமிழர்ங்கிறது மட்டுந்தான் நாமளா வச்சுக்கிட்டது. லயத்து அறை மட்டும் பழைய பதிப்புலயே ஓடுது. அதுக்கு எந்த மகராசனும் ஒரு பட்டன் வைக்கல. அதனால புதுசுன்னு யாரு வந்து சொன்னாலும் நான் பலகையப் பார்க்க மாட்டேன், கூரையப் பார்ப்பேன். என்ன மாறியிருக்கு, எது இன்னும் கோளாறா இருக்குன்னு வெளியீட்டுக் குறிப்புல அவங்களே எழுதுறாங்க. ராத்திரி முழிச்சிருக்கணும்னா அத வாசிச்சுக்கிட்டு முழிச்சிரு.

ஏத்துறத மட்டும் இன்னைக்கு வச்சுக்காத. ஹுணஸ்கிரியப் பக்கம் இடிச்சுக்கிட்டு வருது, கேக்குதா? பாதியில கரண்டு போய், பேட்டரியும் கைய விரிச்சா, மொட்டையுமில்லாம துளிருமில்லாம ஒரு செடி நிக்கும். ஞாயித்துக்கிழமக் காலையில, ஒயர சொருகிட்டு, சாப்பிட்டு உக்காரு. ஏத்தி முடிச்சதும் தமிழ் அடிக்கிற ரெங்கநாதன் விசைப்பலகை வேலை செய்யுதான்னு மொதல்ல பாரு. ஏன்னு கேக்குறியா?

மாரியம்மன் திருவிழாக் கணக்கு இந்தப் பொட்டியிலதான் இருக்கு. போன வருஷம் நான் சொல்லச் சொல்ல நீ தமிழ்ல அடிச்சியே, அதேதான். பொட்டி படுத்துச்சுன்னா, கணக்குப் பொட்டிய நாந்தான் படுக்க வச்சேன்னு கமிட்டிக்காரனுங்க சத்தியம் பண்ணுவானுங்க. அதனால அத மட்டும் ரெண்டு காப்பி எடு. ஒண்ண உன் டிஸ்க்குல வை. இன்னொண்ண இந்தா, இந்தப் பென் டிரைவ்ல போட்டு என் வெத்தலப் பையில போட்டுடு. எங்க வாங்குனேன்னு கேக்காத, கெழவனுக்கும் வத்தேகமைக்குப் பஸ்ஸு ஓடுது.

கணக்குல 1,250 ரூபா துண்டு விழுது. இந்தத் துண்ட 1921ல ஒழிக்கல போல. அத நான் பார்த்துக்கிறேன். நீ மழை விடுறதுக்கு முன்னால போய்ப் படு.