உப்பு விளையும் ஊரில் ஒரு பத்தியம்

இந்தியாவில் குஜராத்துக்கு அடுத்தபடியாக உப்பு அதிகம் விளைவது தமிழ்நாட்டில். அதில் பெரும்பங்கு தூத்துக்குடிப் பக்கத்து உப்பளங்களுடையது. ஊரைத் தாண்டினால் சாலையோரம் வெள்ளை வெளேரென்று குவியல்கள், மழைக்குப் பயந்து பனையோலையைப் போர்த்திக்கொண்டு நிற்கும். அந்த ஊரில் பிறந்து, அங்கேயே கணக்கெழுதி ஓய்வு பெற்ற அண்ணாச்சியிடம் ஒருநாள் டாக்டர், "பிரஷர் ஏறியிருக்கு, இனிமே உப்பைக் குறைக்கணும் அண்ணாச்சி" என்றார். அண்ணாச்சிக்கு அது வைத்தியமாகவே படவில்லை. ஊரைப் பழித்தது போலிருந்தது.

வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குள் உப்பு என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு. தலைதட்டிய ஒரு தேக்கரண்டிக்கும் சற்றுக் குறைவு. "ஒரு வேளைக்குத்தான?" என்று அண்ணாச்சி கேட்டார். "நாள் பூராவுக்கும்" என்றார் டாக்டர். உலகத்துப் பெரியவர்கள் சராசரியாக இதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் சாப்பிடுகிறார்கள் என்பதும் அதே நிறுவனத்தின் கணக்குதான். அண்ணாச்சி அந்த ஒரு வரியை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

வீட்டில் மதினி (தெருவில் எல்லோருக்கும் அவர் மதினிதான்) சட்டத்தை அன்றைக்கே அமலுக்குக் கொண்டுவந்தார். கைமணம் மாறவில்லை, பக்குவம் மாறவில்லை, உப்பு மட்டும் பாதி. மத்தியானச் சாப்பாட்டில் அண்ணாச்சி ஒரு வாய் வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"ஏட்டி, இது ரசமா, புளி மூஞ்சி கழுவுன தண்ணியா?"

கேள்வியில் நியாயம் இருந்தது. உப்பைக் குறைக்கும் எல்லா வீட்டிலும் நடப்பது இதுதான். இத்தனை வருஷமும் உப்பு மற்ற சரக்குகளின் சோம்பலை மூடி மறைத்துக்கொண்டிருந்தது. அது ஒதுங்கியதும், போன ஆடியில் அரைத்த சாம்பார்பொடியும், அடுப்புக்கு மேலே சூட்டிலும் வெளிச்சத்திலும் கிடந்து வாசனையைக் காற்றுக்குத் தானம் செய்துவிட்ட சீரகத்தூளும் பிடிபட்டுவிட்டன. முழுச் சரக்கு தன் எண்ணெயை உள்ளேயே பூட்டி வைத்திருக்கும். பொடித்துவிட்டால் பூட்டு போச்சு. மல்லியும் மிளகும் வாரத்துக்கு வேண்டியதை மட்டும் வெதுவெதுப்பாக வறுத்துத் திரிக்கிற வீட்டில், பாதி உப்பு குறைந்ததே பல நாள் தெரிவதில்லை.

மதினி முதலில் அந்த வழிக்குப் போகவில்லை. யாரோ சொன்னார்கள் என்று இந்துப்பு வாங்கினார். இளஞ்சிவப்பு நிறம், நாலு மடங்கு விலை. பெரும்பாலும் பாகிஸ்தானின் கேவ்ரா சுரங்கத்தில் வெட்டியெடுப்பது. அதிலும் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் அதே சோடியம் குளோரைடுதான். தூத்துக்குடியில் உட்கார்ந்துகொண்டு பாகிஸ்தான் உப்பு தின்பதா என்று அண்ணாச்சிக்குத் தேசபக்தி பொங்கியது. மருத்துவப்படி பார்த்தாலும் அந்தக் கோபம் சரியானதே.

முன்வாசலில் உப்பை நிறுத்தியாயிற்று. கொல்லைப்புறம் திறந்தே கிடந்தது. நார்த்தங்காய் ஊறுகாய், மோர் மிளகாய், வடகம், அப்பளம். அப்பளத்தில் உப்போடு அப்பளக்காரமும் உண்டு. அதுவும் சோடியம் சரக்குதான். "கொழம்புலதான் உப்பு இல்லையே" என்று அண்ணாச்சி இரண்டு அப்பளம் கூடுதலாக நொறுக்கிக்கொண்டிருந்தார். கணக்கெழுதிய மனிதர், ஒரு தலைப்பில் குறைத்ததை இன்னொரு தலைப்பில் சேர்க்கத் தெரியாதா?

வழி பிறந்தது தாளிசக் கரண்டியில். பெரும்பாலான மசாலாச் சரக்குகளின் மணம் தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது, எண்ணெயில் கரையும். ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெயைக் காயவைத்து, அதில் சரக்கைப் பொரித்து, இறக்கிய குழம்பின் தலையில் கொட்டினால் வாசனை மேலேயே நிற்கும். வாய்க்குப் போவதற்குள் மூக்கு ஒரு கவளம் சாப்பிட்டுவிடும். தொடக்கத்திலேயே தாளித்து அரைமணி நேரம் கொதிக்கவிட்டால் அந்த வாசனையில் பாதி எதிர்வீட்டுக்குப் போய்விடும். எதிர்வீட்டில் யாருக்கும் பிரஷர் இல்லை.

தாளிப்பில் ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம். கடுகின் காரம் விதைக்குள் தயாராக இருப்பதில்லை. விதையை நசுக்கி ஈரம் பட்டால்தான், தனித்தனியாக இருக்கும் இரண்டு பொருள்கள் சேர்ந்து அந்த நெடியை உண்டாக்கும். காய்ந்த எண்ணெயில் போட்டால் அதற்கு வேண்டிய நொதி சூட்டிலேயே செத்துப்போகும், காரம் பிறக்காது. மிஞ்சுவது வறுகடலை வாசனைதான். ஆகவே வெள்ளரிக்காய்த் தயிர்ப் பச்சடிக்குக் கடுகைத் தாளிப்பதைவிட, அரைத் தேக்கரண்டி பச்சைக் கடுகைத் தேங்காயோடு அரைத்துக் கலந்தால் மூக்கில் சுருக்கென்று ஏறும். அந்தச் சுருக்கில் உப்பைத் தேடுகிற புத்தி கொஞ்ச நேரம் மறந்துபோகும். மதினி இதைச் செய்த அன்று அண்ணாச்சி தும்மினார், குறை சொல்லவில்லை.

பெருங்காயம் தனிக்கதை. வெங்காயமும் பூண்டும் சேர்க்காத சமையலில் அந்த இரண்டின் வேலையையும் ஒற்றை ஆளாகப் பார்க்கிற சரக்கு. ஆப்கானிஸ்தான், ஈரான் பக்கத்துச் செடியின் வேரைக் கீறினால் வடியும் பால் இறுகினால் பெருங்காயம். இவ்வளவு தின்கிற நாம் அதைப் பயிர் செய்ததில்லை. 2020 அக்டோபரில்தான் பாலம்பூரிலுள்ள மத்திய அரசின் ஆய்வு நிறுவனம் இமாச்சலப் பிரதேசத்தின் லாஹவுல் பள்ளத்தாக்கில் முதல் கன்றுகளை நட்டது. பலன் கிடைக்க ஏறக்குறைய 5 வருஷம் ஆகும். கடையில் டப்பாவில் வருவது கூட்டுப் பெருங்காயம். அட்டையைத் திருப்பிப் பார்த்தால் கருவேலம் பிசின், கோதுமை மாவு எல்லாம் வரிசையாக நிற்கும், பெருங்காயம் ஓரமாக. கட்டிப் பெருங்காயத்திலும் கலப்பு உண்டு என்றாலும், ஒரு சுண்டைக்காயளவு எண்ணெயில் பொரித்து நுணுக்கிப் போட்டால் பருப்புக்கு ஒரு திமிர் வரும்.

மஞ்சளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, கைப்பேசியில் சொந்தக்காரர்கள் ஏற்கெனவே சொல்லிவிட்டார்கள். 1998-இல் பெங்களூரு ஆய்வாளர்கள் வெளியிட்ட கட்டுரை ஒன்று, 2 கிராம் குர்குமினோடு மிளகிலுள்ள பைப்பரினை 20 மில்லிகிராம் சேர்த்தால் குர்குமின் உடம்பில் பல மடங்கு அதிகமாகச் சேரும் என்றது. அண்ணாச்சியின் மைத்துனர் இதை வாரம் தவறாமல் அனுப்புகிறார். மஞ்சள்தூளில் குர்குமின் நூற்றுக்கு 3 பங்கு வாக்கில்தான் இருக்கும் என்பதை மட்டும் அனுப்புவதில்லை. அந்த 2 கிராமுக்கு 60 கிராமுக்கு மேல் மஞ்சள் தின்ன வேண்டும். அவ்வளவு மஞ்சள் ஒரு நலுங்குக்கே போதும். சமையலில் மஞ்சள் நிறத்துக்கும் அந்த மண்வாசனைக்கும் இருக்கட்டும். மருந்துச்சீட்டை டாக்டர் எழுதுவார்.

வெந்தயம் கொஞ்சம் கூடினால் கசக்கும், ஆனால் அதன் மணம் ஊர்விட்டு ஊர் போகும். 2005 முதல் சில வருஷங்கள் நியூயார்க் நகரத்தில் அவ்வப்போது இனிப்பான பாகு வாசனை பரவி, ஜனங்கள் பயந்து நகராட்சிக்குப் போன்மேல் போன் செய்தார்கள். 2009-இல் மேயர் மைக்கேல் புளூம்பெர்க் காரணத்தை அறிவித்தார்: ஆற்றுக்கு அக்கரையில், நியூ ஜெர்சியில், வாசனைப் பொருள் தயாரிக்கும் ஆலை ஒன்றில் வெந்தயத்தைப் பக்குவப்படுத்தியிருக்கிறார்கள். அதே நியூ ஜெர்சியில்தான் அண்ணாச்சியின் மகள் இருக்கிறாள். அம்மா அனுப்பிய ஒரு வருஷத்துச் சாம்பார்பொடியைப் பாதுகாத்து வருகிறாள். "நிறம் அப்படியே இருக்கும்மா" என்கிறாள். நிறம் இருக்கும். மற்றது விமானத்திலேயே இறங்கிப் போயிருக்கும்.

உப்புக்கு நிஜமான கூட்டாளி புளிப்பு. இறக்கிவைத்தபின் பிழியும் அரை எலுமிச்சம்பழம் பொரியலுக்கு இல்லாத உப்பை இருப்பதுபோல் காட்டும். காரம் அந்த வேலையை அவ்வளவு நன்றாகச் செய்யாது. மிளகாயின் காரம் சுவைக் கணக்கிலேயே வராது; சூட்டை உணரும் நரம்பைத் தொட்டு எரிச்சலைக் கிளப்புகிறது, அவ்வளவுதான். அந்த உணர்வியைக் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸுக்கு 2021-இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. மிளகாயே போர்த்துக்கீசியர் வந்த பிறகு அமெரிக்கக் கண்டத்திலிருந்து இங்கே வந்து சேர்ந்தது. அதுவரை காரத்துக்கு மிளகுதான். உப்பைக் குறைத்த சமையலுக்கு மிளகுதான் இன்றைக்கும் பொருத்தம், ஏனென்றால் அதற்கு எரிச்சலோடு மணமும் உண்டு.

கறிவேப்பிலையும் மல்லித்தழையும் காய்கறிக் கடையில் கொசுறு. காசு கொடுத்து வாங்காத பொருளுக்கு நம் ஊரில் மரியாதை கிடையாது, தட்டோரம் ஒதுக்கிவிடுவார்கள். மதினி அதற்கும் வழி கண்டார். இலையை நிழலில் உலர்த்தி, கொள்ளும் மிளகும் சேர்த்து வறுத்து, கறிவேப்பிலைப் பொடியாக்கிவிட்டார். இனி ஒதுக்குவதென்றால் சோற்றையே ஒதுக்க வேண்டும்.

நாக்கு பிடிவாதக்காரன்தான், ஆனால் வழிக்கு வரும். உப்பைக் குறைத்துச் சில வாரங்கள் சாப்பிட்டவர்களுக்குப் பழைய அளவே கரிப்பாகப் படுவதை அமெரிக்க ஆய்வாளர்கள் 1982-லேயே எழுதியிருக்கிறார்கள். அண்ணாச்சியிடம் இந்த ஆராய்ச்சியைச் சொன்னபோது, "அமெரிக்காக்காரனுக்கு உப்பைப் பத்தி என்ன தெரியும்?" என்றார். ஆனால் கல்யாண வீட்டுச் சாம்பாரைத் தொட்டுவிட்டு அவர் முகம் சுளித்ததை மதினி கவனித்து வைத்திருக்கிறார்.

கருவாட்டில் மட்டும் சமரசம் வரவில்லை. நெத்திலிக் கருவாட்டை விடுவதென்றால் வீட்டையே காலி செய்வேன் என்று அண்ணாச்சி சொல்லிவிட்டார். கடைசியில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் என்று ஒப்பந்தம். அதையும் மதினி தண்ணீரில் ஊறவைத்து, தண்ணீரைக் கொட்டி, மறுபடி ஊறவைத்து, உப்பு வடிந்த பிறகே புளியும் பூண்டும் நுணுக்கிய மிளகுமாகக் குழம்பில் போடுகிறார். ஒரு ஞாயிறு அண்ணாச்சி அடுப்படி வாசலில் நின்று பார்த்தார்.

"இப்படித் தண்ணி மாத்தி மாத்தி ஊறப்போட்டா, அது திரும்ப மீனாயிரும்ட்டி."

"ஆனா நல்லதுதாங்க. ஓடிப்போய் ஒரு எலுமிச்சம்பழம் வாங்கிட்டு வாங்க, பொரிச்சே தாரேன்."