ஸ்டீராய்டுத் திணையியல்

பாயிரம்

நூல் என்று ஒன்றை எழுதத் துணிந்தவன் பாயிரத்தில் எட்டுச் செய்தி சொல்லியாக வேண்டும் என்பது நன்னூலார் கட்டளை. எட்டையும் சொன்னால் இதழில் இடம் போதாது, நான்கைச் சொல்கிறேன். இந்நூலின் எல்லை: வடக்கே அரசு ஆஸ்பத்திரி ஓ.பி. சீட்டு, தெற்கே பேருந்து நிலையத்து மெடிக்கல் ஷாப். கேட்போர் இரு சாரார். "எதை வேணா எழுதுங்க டாக்டர், ஸ்டீராய்டு மட்டும் வேண்டாம்" என்று நாற்காலி நுனியில் உட்கார்ந்து சொல்பவர் ஒரு சாரார். "அண்ணே, போன வாரம் குடுத்தீங்களே, அந்தக் குட்டி மாத்திரையையும் சேர்த்துக் குடுங்க" என்று கடை மேசையில் முழங்கை ஊன்றிச் சொல்பவர் மற்றொரு சாரார். இரு சாராரும் பெரும்பாலும் ஒரே ஆள்தான் என்பதே நுதலிய பொருள். பெயர் தெரிந்த இடத்தில் பயம். பெயர் தெரியாத இடத்தில் பாசம்.

வழி எது எனின், 1948 செப்டம்பரில் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் பிலிப் ஹென்ச் என்ற மூட்டுநோய் மருத்துவர், முடக்குவாதத்தால் முடங்கிக் கிடந்த ஒரு பெண்ணுக்கு கார்ட்டிசோன் ஊசி போட்டார். சில நாளில் அவர் எழுந்து நடந்தார். மாட்டுப் பித்தத்திலிருந்து முப்பதுக்கும் மேற்பட்ட படிகளில் வடித்தெடுத்த சரக்கு அது. 1950இல் ஹென்ச், எட்வர்ட் கெண்டல், ததேயுஸ் ரைக்ஸ்டைன் மூவருக்கும் நோபல் பரிசு. அதிக அளவில் தொடர்ந்து போட்டுக்கொண்டவர்களுக்கு முகம் ஊதுவதும் மனம் பேதலிப்பதும் தெரியவர அதிக காலம் ஆகவில்லை. ஆகவே இம்மருந்தின் புகழும் பழியும் இரட்டைப் பிள்ளைகள். மூத்தது எது என்று ஆராய்வது வீண்.

ஜிம்மில் புஜம் பருக்கப் போட்டுக்கொள்ளும் ஸ்டீராய்டு இந்நூலில் இடைச்செருகல். அது ஆண் ஹார்மோன் குடும்பம், தசையைப் பெருக்கும். நம் கதாநாயகனோ நாள்பட்டால் தசையைக் கரைப்பவன். இருவரையும் குழப்புவோர் இத்துடன் எழுந்து போகலாம்.

முதற்பொருள்

முதற்பொருளாவது நிலமும் பொழுதும். நிலம், சிறுநீரகங்களின் மேல்முனையில் ஒட்டியிருக்கும் அட்ரினல் சுரப்பிகள். அவை நாள்தோறும் கார்ட்டிசோல் சுரக்கின்றன. மாத்திரைக் கணக்கில் சொன்னால் ஏறக்குறைய 5 மி.கி. பிரெட்னிசோலோனுக்குச் சமம். அதற்கு மேல் விழுங்குவதெல்லாம் உடம்பின் கணக்குக்கு உபரி.

சிறுபொழுது, காலை. கார்ட்டிசோல் விடியற்காலையில் உச்சத்துக்கு ஏறி, நள்ளிரவில் அடங்கும். அதை ஒட்டித்தான் "காலைல டிபன் சாப்பிட்டதும் போடுங்க" என்று எழுதுகிறார்கள். ராத்திரி போட்டுக்கொண்டு விடிய விடிய மோட்டுவளையைப் பார்த்துக் கிடப்பவர் மருந்தைத் திட்டுவதில் நியாயம் இல்லை.

பெரும்பொழுது இரண்டு: மூன்று வாரத்துக்குள், மூன்று வாரத்துக்கு மேல். வீசிங் முற்றிப்போய் ஐந்து நாள், ஏழு நாள் என்று எழுதிக் கொடுத்தால், பெரும்பாலும் அந்த நாள் முடிந்ததும் நிறுத்திவிடலாம். வாரங்கள் நீண்டால் கதை வேறு. நாள்தோறும் ஓட்டலிலிருந்து எடுப்புச் சாப்பாடு வரும் வீட்டில் அடுப்பு மூட்ட மாட்டார்கள். சுரப்பியும் அப்படியே சுருங்கித் தூங்கிவிடும். சாப்பாட்டை ஒரே நாளில் நிறுத்தினால் பட்டினிதான். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, சுரப்பியை எழுப்பி, அதன் பிறகே நிறுத்த வேண்டும். முகம் ஊதிவிட்டதே என்று கண்ணாடியைப் பார்த்து ஒரு திங்கட்கிழமை எல்லா மாத்திரையையும் தூக்கி எறிந்தவர்கள் வியாழனன்று வாந்தியும் மயக்கமுமாக அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்து சேர்வதுண்டு.

கருப்பொருள்

ஹைட்ரோகார்ட்டிசோன் 20 மி.கி., பிரெட்னிசோலோன் 5, மெத்தில்பிரெட்னிசோலோன் 4, டெக்சாமெத்தசோன் 0.75. நான்கும் வலிமையில் சமம். இந்த ஒரு வரியை மட்டும் மனப்பாடம் செய்யச் சொல்வேன். "அரை மில்லிகிராம்தானே சார், கொழந்தைக்குக் கூடக் குடுப்பாங்க" என்று கடைக்காரர் உருட்டித் தரும் டெக்சாமெத்தசோனை மூன்று வேளை விழுங்கினால் நாளுக்கு 1.5 மி.கி.; அதாவது 10 மி.கி. பிரெட்னிசோலோன், அதாவது சுரப்பியின் தினசரிப் படியைப் போல் இரண்டு மடங்கு. உருவத்தில் சிறியதை வலுவில் சிறியது என்று கொள்ளுதல் வழு.

அகம்

வாய்வழியும் ஊசிவழியும் உள்ளே போவன அகத்திணை. இதில் உத்தமமான தலைவி யார் என்று கேட்டால், நெஃப்ராட்டிக் நோய் வந்த பிள்ளையின் தாயைத்தான் காட்டுவேன். சிறுநீரில் புரதம் ஒழுகி, கண் இமை வீங்கி, கால் வீங்கி வரும் பிள்ளைக்கு முதல் மருந்தே பிரெட்னிசோலோன். முதலில் தினமும், பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் காலையில், வாரக்கணக்கில். அந்தத் தாயிடம் ஒரு நோட்டு இருக்கும். ஒரு கட்டத்தில் தேதி. அடுத்ததில் காலைச் சிறுநீரில் பட்டையை நனைத்துப் பார்த்த முடிவு: இல்லை, ஒரு பிளஸ், இரண்டு பிளஸ். அதற்கடுத்ததில் எத்தனை மாத்திரை. ஓரத்தில் பென்சிலில் "சளி", "பள்ளிக்கூடம் போகலை", "வெயிட் 14". மருத்துவர் அந்த நோட்டைத்தான் முதலில் கேட்பார்; பிள்ளையை அப்புறம் பார்ப்பார். மருந்தின் பெயர் தெரியும், அளவு தெரியும், இன்று எத்தனையாவது நாள் என்று தெரியும். எழுத்துக் கூட்டிப் படிப்பவராக இருக்கலாம். ஆனாலும் ஸ்டீராய்டைப் பொறுத்தவரை அவரே புலவர்.

நெடுங்கால அகத்திணையாருக்குரிய ஒழுக்கங்கள் சில. சுகர் உள்ளவர்கள் வெறும் வயிற்றில் மட்டும் ரத்தம் கொடுத்துவிட்டு நிம்மதியடையக் கூடாது. காலையில் போடும் பிரெட்னிசோலோன் மதியத்துக்கு மேல்தான் சர்க்கரையை ஏற்றும். வெறும்வயிற்று அளவு நல்ல பிள்ளையாக நடிக்கும். எலும்பு தேயும், ஆகவே கால்சியமும் வைட்டமின் டியும் உண்டா என்று கேட்க வேண்டும். இடுப்பில் விடாத வலி வந்தால் வாயு என்று தைலம் தேய்த்துக்கொண்டிருக்கலாகாது. தொடையெலும்பின் தலைக்கு ரத்தம் போகாமல் அது சாகத் தொடங்கியிருக்கலாம். வலி மாத்திரையையும் இதையும் சேர்த்துப் போட்டால் குடல்புண் பயம் இரட்டிக்கும். பழைய டி.பி. இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், ஒளித்து வைத்த டி.பி.யை இம்மருந்து எழுப்பிவிடும். காய்ச்சல் வந்தால் அளவைக் கூட்ட வேண்டியிருக்கும். வாந்தியில் மாத்திரை தங்கவில்லை என்றால் அன்றே ஆஸ்பத்திரி. பல் பிடுங்கவோ ஆபரேஷனுக்கோ போகும்போது மயக்க மருந்து கொடுப்பவர் கேட்கும் முன்னரே சொல்க.

அகப்புறம்

உள்ளே போயும் உள்ளே போகாதது போல் இருப்பது இன்ஹேலர். மூச்சோடு நுரையீரலுக்கு மைக்ரோகிராம் கணக்கில் போகிறது. ஒரு மில்லிகிராமுக்கு ஆயிரம் மைக்ரோகிராம். (எடைக்கு எடை ஒப்பிடாதே, ஒவ்வொன்றின் வலிமையும் வேறு என்று மருந்தியலார் முறைப்பார்கள். ஒப்புக்கொள்கிறேன், ஆனாலும் ரத்தத்தில் கலப்பது மிகக் கொஞ்சம்.) அடித்து முடித்ததும் வாயைக் கொப்பளித்துத் துப்பினால் நாக்கில் வெள்ளை படியாது. குழந்தைக்கு ஸ்பேசர் குழாய் வைத்து அடிக்க வேண்டும்.

இத்தனை சாதுவான உருப்படிக்குத்தான் ஊரில் அதிக எதிர்ப்பு. "இன்ஹேலர் பழக்கமாயிடும், பையனுக்கு வேண்டாம்" என்று பாட்டி தீர்ப்புச் சொல்கிறார். இன்ஹேலர் பீரோவுக்குள் போகிறது. ஐப்பசி மழையில் பையனுக்கு இழுப்பு வருகிறது, ஊசி, பிறகு பொட்டல மாத்திரை. கார்த்திகையில் மறுபடி, மார்கழியில் மறுபடி. வருஷம் முழுக்க இன்ஹேலரில் போயிருக்கக்கூடிய ஸ்டீராய்டை விட அதிகமாக மூன்றே மாதத்தில் ரத்தத்தில் ஏறிவிடுகிறது. ஸ்டீராய்டே தொடாத குடும்பம் என்ற பெருமை மட்டும் குறையவில்லை.

புறம்

தோலில் பூசுவன. கிரீம்களை வலுவின்படி ஏழு வகுப்பாகப் பிரிப்பார் உண்டு: முதல் வகுப்பில் குளோபெட்டசால், ஏழாம் வகுப்பில் ஹைட்ரோகார்ட்டிசோன். பள்ளிக்கூட வகுப்புக்கு நேர்மாறு; முதலாம் வகுப்புதான் முரடன். ஆள்காட்டி விரலின் கடைசிக் கணுவிலிருந்து நுனி வரை பிதுக்கினால் அரை கிராம். அது பெரியவர்களின் இரண்டு உள்ளங்கை அளவு இடத்துக்குப் போதும். முகம், அக்குள், தொடையிடுக்கு மூன்றும் மெல்லிய தோல். அங்கே முதல் வகுப்புக்கு அனுமதி இல்லை.

கைக்கிளை

ஒருதலைக் காமம் கைக்கிளை. இங்கே நோயாளிக்கு மருந்தின் மேல் காதல். மருத்துவருக்கோ அப்படி ஒரு விஷயம் நடப்பதே தெரியாது. "வேற ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களாம்மா?" "சுகர் மாத்திரை மட்டும்தான் சார்." பொய் சொல்லவில்லை அந்த அம்மா. வாரம் இரண்டு தடவை மூட்டுவலிக்குக் கடையில் வாங்கும் பொட்டலத்தை அவர் மாத்திரைக் கணக்கில் சேர்த்ததே இல்லை. அட்டையிலிருந்து பெயர் இல்லாத மூலையாகக் கத்தரித்து, சின்னக் காகித உறையில் போட்டு, மேலே பேனாவால் ஒரு சூரியனோ ஒரு கோடோ போட்டுத் தருகிறார்கள். உள்ளே மஞ்சளாக ஒன்று, பெரிதாக ஒன்று, பொட்டுப் போல ஒன்று. அந்தப் பொட்டு போட்ட இரவே வலி போகிறது, பசி எடுக்கிறது, "உடம்பு தேறிடுச்சு" என்று பக்கத்து வீட்டார் சொல்கிறார்கள். தேறியது கன்னமும் வயிறும் மட்டுமே. கை கால் குச்சியாகிக்கொண்டிருக்கும். அட்டையின் ஓரத்தில் ஓடும் சிவப்புக் கோடு மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்பதற்கு அடையாளம். கோடு அட்டையோடு கடையிலேயே தங்கிவிடுகிறது.

பெருந்திணை

பொருந்தாக் காமம். மருந்தும் நோயும் ஒன்றுக்கொன்று ஆகாமல் கூடுவது. இதில் துறைகள் பல. முதல் துறை படர்தாமரை. அது பூஞ்சை. அதற்கு ஸ்டீராய்டும் பூஞ்சை மருந்தும் ஆன்டிபயாட்டிக்கும் ஒரே குழாயில் அடைத்த கலவை கிரீமை வாங்கிப் பூசுகிறார்கள். அரிப்பு இரண்டே நாளில் நிற்கிறது, ஏனெனில் உடம்பின் எதிர்ப்பை ஸ்டீராய்டு வாய்மூட வைத்துவிட்டது. பூஞ்சைக்கோ விருந்து. வட்டம் கலைந்து, விளிம்பு மங்கி, தோல் மருத்துவரே தடுமாறும் உருவில் இடுப்பைச் சுற்றிப் பரவும். வீட்டில் ஒரே துண்டு என்றால் நால்வருக்கும் ஒரே குழாய்.

இரண்டாம் துறை, முகம் வெளுக்க. கல்யாணத்துக்கு நாள் குறித்ததும் தோழி சொன்ன கிரீம். முதல் மாதம் பளபளப்பு; பிறகு பரு, சிவப்பு, மேலுதட்டில் ரோமம், வெயிலில் போனால் எரிச்சல். நிறுத்தினால் முகம் தீயாகிறது, ஆகவே மறுபடி அதே கிரீம். 2018இல் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டுப் பூச்சுகளை ஷெட்யூல் எச் பட்டியலுக்குள் கொண்டுவந்தது. கிரீம்கள் பட்டியலுக்குள் போயின. கடை மேசையை விட்டு வெளியே போனதாகத் தெரியவில்லை.

மூன்றாம் துறை கண். கதிரறுக்கையில் நெல் தாளோ உமியோ கண்ணில் பட்டுக் கருவிழியில் பூஞ்சைப் புண் வரும். "கண் சிவந்திருக்கு" என்று மட்டும் கேட்டு ஸ்டீராய்டுச் சொட்டு மருந்து கொடுத்தால் சிவப்பு குறையும், புண் ஆழம் போகும், பார்வையும் போகலாம். அரிப்புக்கென்று பிள்ளைகளுக்கு மாதக்கணக்கில் விட்டால் கண் அழுத்தம் ஏறும், வலியே தெரியாது.

நான்காம் துறையை எல்லோரும் கண்டோம். 2020 ஜூனில் இங்கிலாந்தின் ரெகவரி ஆய்வு, ஆக்சிஜன் தேவைப்பட்ட கொரோனா நோயாளிகளுக்கு நாளுக்கு 6 மி.கி. டெக்சாமெத்தசோன் பத்து நாள் வரை கொடுத்தால் சாவு குறைகிறது என்று காட்டியது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்குப் பயன் இல்லை என்றும் அதே ஆய்வு சொன்னது. முதல் பாதி வாட்ஸ்அப்பில் வந்தது. இரண்டாம் பாதி வரவில்லை. 2021 மே மாதம் தமிழ்நாடு கறுப்புப் பூஞ்சையை அறிவிக்க வேண்டிய நோயாகப் பிரகடனம் செய்ய நேர்ந்தது. கட்டுக்கடங்காத சர்க்கரையும் கணக்கில்லாத ஸ்டீராய்டும் சேர்ந்த இடத்தில் அது நன்றாகவே வளர்ந்தது.

வழுவமைதி

வழுப் போலத் தோன்றி அமைவன சில. டி.பி. மூளையுறையைத் தாக்கினால் டி.பி. மருந்தோடு ஸ்டீராய்டும் கொடுப்பார்கள். தொழுநோயில் நரம்பு வீங்கிக் கை மரத்துப் போகும் கட்டத்தில் பிரெட்னிசோலோன்தான் விரலைக் காப்பாற்றும். குறைமாதத்தில் பிரசவம் ஆகிவிடும் என்று பட்டால் தாய்க்குப் போடும் பெட்டாமெத்தசோன் ஊசி குழந்தையின் நுரையீரலைப் பழுக்க வைக்கும். நியூசிலாந்தின் லிக்கின்ஸும் ஹவியும் 1972இல் காட்டிய வழி. இவற்றை மறுத்து வாதிடுவோர் அகத்தையும் பெருந்திணையையும் மயங்கக் கொண்டவராவர்.

புறனடை

மேற்சொன்ன எதிலும் அடங்காதது பொடி. "பரம்பரை வைத்தியர்" சாம்பல் நிறத்தில் பொட்டலம் கட்டித் தருவது. நல்ல சித்த மருத்துவர்களை நான் சொல்லவில்லை; மருந்தின் பெயரைச் சொல்ல மறுப்பவரைச் சொல்கிறேன். என்ன மூலிகை என்று கேட்டால் குடும்ப ரகசியம் என்பார். பத்து வருஷ ஆஸ்துமாவும் முட்டிவலியும் மூன்றாம் நாளே பறந்து, பசி பெருகி, முகம் உருண்டால் அந்த ரகசியம் ஸ்டீராய்டாக இருக்கலாம் என்று ஐயுறுக.

ஐயம் வந்த அன்றே அதைச் சாக்கடையில் கொட்டிவிடலாமோ எனின், ஆகாது. மாதக்கணக்கில் தின்றிருந்தால் சுரப்பி தூங்கிக்கொண்டிருக்கும். பொட்டலத்தை அப்படியே எடுத்துக்கொண்டு போய், எத்தனை மாதம், நாளைக்கு எத்தனை சிட்டிகை என்று மருத்துவரிடம் சொல்க. திட்டு விழும், விழட்டும். காலையில் ரத்தம் எடுத்துக் கார்ட்டிசோல் அளவு பார்த்து, தேவைப்பட்டால் பெயருள்ள மாத்திரைக்கு மாற்றி, எத்தனை வாரத்தில் எவ்வளவு குறைப்பது என்று ஒரு தாளில் எழுதித் தருவார்.