அட்டை சேர்ந்தது, ஆள் சேரவில்லை!

கேள்வி: தொழில் கண்காட்சிகளில் பை நிறைய விசிட்டிங் கார்டு வாங்குகிறேன். ஒருவர்கூட நிலைப்பதில்லையே, ஏன்?
– வாசகர், கோவை

பதில்: வாங்கியதோடு விட்டால் அது அட்டை வசூல்! அன்று இரவே ஒவ்வொரு கார்டின் பின்புறமும் என்ன பேசினீர்கள் என்று எழுதுங்கள். இரண்டு நாளுக்குள் அதைக் குறிப்பிட்டு வாட்ஸ்அப்பில் நாலு வரி அனுப்புங்கள். 'குட் மார்னிங்' ரோஜா வேண்டாம். எடுத்த எடுப்பில் ஆர்டரும் கேட்காதீர்கள். அவருக்குப் பயன்படும் ஒரு தகவலைக் கொடுங்கள்.

தோளில் கைபோட்டுப் பழக வேண்டியதில்லை. சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973-இல் எழுதிய கட்டுரைப்படி, அவர் ஆய்வு செய்த, தெரிந்தவர் மூலம் வேலை பெற்ற அமெரிக்கர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்குத் துப்பு தந்தவர்கள், எப்போதாவது சந்திக்கும் அறிமுகக்காரர்கள்தான். நெருங்கிய நண்பருக்குத் தெரிந்தது நமக்கும் தெரிந்திருக்குமே!

ஆகவே, ஆறு மாதத்துக்கு ஒருமுறை சும்மா நலம் விசாரியுங்கள். கைமாற்று கேட்க மட்டுமே போன் செய்யும் ஒன்றுவிட்ட மாமாவாகிவிடாதீர்கள்!