சங்கனும் பதுமனும் கிராபிக்ஸ் கார்டும்

'யார் பெரியவர்' என்ற சண்டை சங்கரன்கோவில்காரனுக்குப் புதிதல்ல. சிவனா திருமாலா என்று சங்கன், பதுமன் என்னும் இரண்டு நாகர்கள் மோதிக்கொண்டு கோமதி அம்மனிடம் பஞ்சாயத்துக்குப் போக, அம்மன் தவமிருக்க, பாதி அரனும் பாதி அரியுமாகச் சங்கரநாராயணர் காட்சி கொடுத்து வழக்கை முடித்துவைத்த ஊர் இது. ஆடித்தபசுக்கு வருஷா வருஷம் கூட்டம் நெரிவது அந்தக் காட்சியைப் பார்க்கத்தான். இப்பேர்ப்பட்ட ஊரில் குடியிருந்துகொண்டு, ஒரே லேப்டாப்புக்குள் இருக்கும் இரண்டு கிராபிக்ஸ் சிப்புகளைச் சேர்த்துவைக்க என்னால் முடியவில்லை.

ஒன்று பிராசசரோடு கூடப் பிறந்தது. கரண்டு அதிகம் தின்னாது, சாதாரண வேலைக்குப் போதும். மற்றது விளையாட்டு, வீடியோ எடிட்டிங் போன்ற பெரிய வேலைகளுக்கென்று தனியாக உட்கார்ந்திருப்பது. இரண்டையும் செய்த கம்பெனிகளின் பெயர் வேண்டாம். எதற்கு ஊர்ப் பொல்லாப்பு? லினக்ஸில் முதலாவது கூப்பிட்ட குரலுக்கு வரும். இரண்டாவதின் டிரைவர், லினக்ஸின் உட்கருவான கெர்னலுக்கு வெளியே இருப்பது. கெர்னல் புதுப்பிக்கப்படும்போதெல்லாம் அதற்கேற்ப டிரைவரையும் மறுபடி கட்ட வேண்டும். கட்டுவதில் எங்கேயாவது இடறினாலோ, 'கையெழுத்து இல்லாதவனை உள்ளே விடமாட்டேன்' என்று செக்யூர் பூட் மறித்துக்கொண்டாலோ, ரீஸ்டார்ட் செய்ததும் திரை கும்மிருட்டு.

"என்னங்க, கரண்டு போயிருச்சா?" என்றாள் மனைவி.

"இல்ல, அப்டேட் வந்திருக்கு."

விசைத்தறி வைத்திருக்கும் பக்கத்து வீட்டு அண்ணாச்சி எட்டிப் பார்த்தார். "தம்பி, இதக் காசு குடுத்தா வாங்குன?"

"லேப்டாப் காசுக்கு அண்ணாச்சி. லினக்ஸ் சும்மா கெடச்சது."

"அதான் சும்மா கெடக்கு" என்று சொல்லிவிட்டுத் தறிச் சத்தத்துக்குள் போய்விட்டார்.

இருட்டுத் திரைக்கு ஒரு மந்திரம் உண்டு. பூட் ஆகும்போது கிரப் மெனுவில் நுழைந்து 'நோமோட்செட்' என்று ஒரு சொல்லைச் சேர்த்தால், மங்கலாகவாவது திரை எழுந்து உட்காரும். அந்தக் கருணைக்கு நாம் செலுத்தும் காணிக்கை, கிராபிக்ஸ் கார்டு தரும் வேகம் மொத்தமும்.

எனக்காவது எரிச்சலோடு போயிற்று. லினக்ஸின் தகப்பனான லினஸ் டோர்வால்ட்ஸ் 2012 ஜூனில் பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகத்தில், கிராபிக்ஸ் கார்டு செய்யும் என்விடியாவைப் பற்றிக் கேட்கப்பட்டபோது, கேமராவைப் பார்த்து நடுவிரலைக் காட்டினார். கூடவே சொன்னதைக் குடும்பப் பத்திரிகையில் அச்சடிக்க முடியாது. கோபத்துக்குக் காரணம் இருந்தது. டிரைவரின் மூலநிரலை என்விடியா பூட்டி வைத்திருந்தது. தன்னார்வலர்கள் கார்டுக்குள் நடப்பதை வெளியிலிருந்து வேவு பார்த்து 'நூவோ' என்ற திறமூல டிரைவரை எழுதினார்கள். 2014இல் வந்த 900 வரிசையிலிருந்து, கம்பெனி கையெழுத்திட்ட ஃபர்ம்வேர் இல்லாமல் கார்டின் வேகத்தைக் கூட்டவே முடியாது என்றாகிவிட, நூவோவைப் போட்டவர்களின் கார்டு முதல் கியரிலேயே ஓடியது. 2022 மே மாதம் என்விடியா இறங்கிவந்து கெர்னல் பகுதியின் நிரலை மட்டும் திறந்தது. மேலே உள்ள பெரும்பகுதிக்குப் பூட்டு அப்படியேதான்.

சேர்த்துவைக்கப் போனவர்கள் கதை இன்னும் விசேஷம். இரண்டு சிப் லேப்டாப்புகளுக்கென்றே 'பம்பிள்பீ' என்று ஒரு மென்பொருள் எழுதினார்கள். 2011இல் அதன் நிறுவல் நிரலில், ஒரு பழைய கோப்பை அழிக்கச் சொல்லும் வரியில், தெரியாத்தனமாக ஓர் இடைவெளி விழுந்துவிட்டது. அந்த இடைவெளியால் அழிந்தது 'யூஎஸ்ஆர்' என்னும் அடைவு முழுவதும். கணினியின் பாதி உயிர் அதற்குள்தான் இருக்கிறது. பஞ்சாயத்துக்கு வந்தவர் வீட்டையே இடித்துவிட்டுப் போனார். ஓர் இடைவெளிக்கு இவ்வளவு சக்தி இருப்பது தெரிந்திருந்தால் பள்ளிக்கூடத்தில் நான் கையெழுத்தைக் கவனித்திருப்பேன்.

ஏஎம்டி கம்பெனியின் கிராபிக்ஸ் சிப் வைத்திருப்பவர்கள் பாடு பரவாயில்லை. ஏஎம்டியின் பழைய மூடிய டிரைவரும் லேசுப்பட்டதல்ல. ஆனால் 2015இல் 'ஏஎம்டிஜிபியு' என்ற திறமூல டிரைவர் கெர்னலுக்குள்ளேயே வந்து சேர்ந்தது. 2022இல் வெளிவந்த ஸ்டீம் டெக் என்ற கைவிளையாட்டுக் கருவி, லினக்ஸும் ஏஎம்டி சிப்புமாகத்தான் ஓடுகிறது. இவர்கள் லினக்ஸைப் போடுகிறார்கள், திரை வருகிறது, வேலையைப் பார்க்கப் போகிறார்கள். சொல்வதற்குக் கதையே இல்லாத ஜென்மங்கள்.

2011இல் தமிழக அரசு பள்ளிப் பிள்ளைகளுக்கு விலையில்லா லேப்டாப் கொடுக்கத் தொடங்கியபோது, விண்டோஸோடு சி-டாக் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸும் அதில் கூட வந்தது. தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. அதனால் வம்பும் கிடையாது. பிள்ளைகள் அந்தப் பக்கமே போகவில்லை என்பது வேறு விஷயம்.

ஆகவே, லினக்ஸுக்கென்று லேப்டாப் வாங்கப் போகிறவர்களே, பிராசசரோடு சேர்ந்த கிராபிக்ஸே போதும் என்றால் அதோடு நின்றுகொள்ளுங்கள். விளையாட வேண்டுமென்றால் ஏஎம்டி. செயற்கை நுண்ணறிவு வேலைக்கு என்விடியாவின் 'கூடா' மென்பொருள் இல்லாமல் முடியாதென்றால் அந்தக் கம்பெனி கார்டைத்தான் வாங்கியாக வேண்டும். வாங்கிக்கொண்டு, புதுக் கெர்னல் கிளம்பவில்லை என்றால் பழையதில் ஏறிக்கொள்ளலாம் என்பதால் அதை அழிக்காமல் வையுங்கள். ஏற்கெனவே என்விடியாவின் 900, 1000 வரிசை கார்டு வைத்திருப்பவர்களுக்கு ஒரு சேதி: 580 வரிசைதான் உங்களுக்குக் கடைசி டிரைவர். 590 வந்து கூப்பிட்டால் போகாதீர்கள்.