காண்டல், கருதல், கோல்: ஆன்ஃபீல்டில் ஓர் அளவையியல் ஆய்வு

ஒரு பொருள் உண்டென்று அறியக் காண்டல், கருதல், உரை என மூன்று அளவைகளை நம் தத்துவ நூலார் வகுத்து வைத்தார்கள். மலையில் புகையைக் கண்டு அங்கே நெருப்பு உண்டென்று கொள்வது கருதல். நம்பத்தக்கவர் சொல்லக் கேட்டு ஏற்பது உரை. காண்டலுக்கு விளக்கமே வேண்டாம் என்று நானும் நினைத்திருந்தேன், லிவர்பூல் மேட்சுக்கு டிக்கெட் கிடைக்கும் வரை.

ஆய்வுச் சிக்கல் இது: இருபது வருஷமாக டிவியில் பார்த்த அணியை நேரில் பார்க்கப் போனவன், கோல் விழுந்ததை எந்த அளவையால் அறிகிறான்?

ஆய்வாளர் இருவர், நானும் என் மச்சானும். மச்சானின் தகுதியைச் சொல்லியாக வேண்டும். 2005 மே மாதம், இஸ்தான்புல் இறுதிப்போட்டி. முதல் பாதி முடிந்தபோது ஏசி மிலான் 3, லிவர்பூல் 0. நம்மூரில் அப்போது இரவு மணி ஒன்று. "இதெல்லாம் தேறாது" என்று டிவியை அணைத்துவிட்டுப் படுத்தவர் அவர். அவர் குறட்டை விட்ட நேரத்தில் ஆறு நிமிஷத்துக்குள் மூன்று கோலும் திரும்பி வந்தன; பெனால்டியில் கோப்பையும் வந்தது. ஆக, காணாமை என்பது அவருக்குப் பழகிய துறை.

உறுப்பினர் சந்தா கட்டி, குலுக்கலில் பெயர் விழாமலே மூன்று சீசன் போய், நான்காவதில் விழுந்தது. இடம், லிவர்பூலின் மைதானமான ஆன்ஃபீல்டில் 'கோப்' என்னும் ஸ்டாண்டு. பன்னிரண்டாயிரம் பேருக்கு மேல் உட்காரலாம். உட்காரலாம் என்பது டிக்கெட்டில் உள்ள பாடம். எல்லோரும் நிற்கிறார்கள் என்பது களத்தில் கண்ட பாடம்.

'கோப்' என்ற சொல், நம் 'கோப்பு' என்ற சொல்லின் திரிபே என்றார் மச்சான். அவர் அரசு அலுவலகத்தில் வேலை பார்ப்பவர், எதைப் பார்த்தாலும் ஃபைல்தான் தெரியும். உண்மை வேறு. தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் 'ஸ்பியான் கோப்' என்றொரு குன்று. 'வேவுக் குன்று' என்று பொருள் சொல்லலாம். 1900 ஜனவரியில் அங்கே போயர்களோடு நடந்த சண்டையில் பிரிட்டிஷ் படை அடிவாங்கியது. செத்தவர்களில் லிவர்பூலும் அடங்கிய அன்றைய லங்காஷையர் பக்கத்து ஆட்கள் நிறைய. ஆறு வருஷம் கழித்து, ஆன்ஃபீல்டில் மண்மேடாக எழுப்பிய ஸ்டாண்டுக்கு எர்னஸ்ட் எட்வர்ட்ஸ் என்ற பத்திரிகையாளர் அந்தக் குன்றின் பெயரையே வைத்தார்.

நம் ஆய்வுக்கு முக்கியம் அங்கே அன்று நிலவிய மூடுபனி. இரவோடிரவாக ஏறிய படை, உச்சியைப் பிடித்துவிட்டோம் என்று பள்ளம் வெட்டிக்கொண்டு உட்கார்ந்தது. காலையில் பனி விலகியபோதுதான், எதிரியின் துப்பாக்கிகளுக்கு நேரே இருப்பது தெரிந்தது. வேவு பார்க்கும் குன்று என்று பெயர்; ஏறியவன் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. பெயரிலேயே இந்த ஸ்டாண்டின் தலைவிதி எழுதியிருக்கிறது.

அந்தச் சண்டையில் காயம்பட்டவர்களைத் தூக்கிச் சுமக்கக் காந்தி திரட்டிய இந்திய ஆம்புலன்ஸ் படையில் சுமார் 1,100 பேர். பெரும்பகுதி ஒப்பந்தக் கூலிகள். நேட்டால் கூலிகளில் தமிழ் பேசியவர்கள் எத்தனை பேர் என்பது நம்மவர்களுக்குத் தெரிந்ததே. தூளியைத் தோளில் தாங்கி மைல்கணக்கில் நடந்தவன் போரில் என்ன பார்த்திருப்பான்? முன்னால் போகிறவனின் பிடரியைத்தான். இதை எழுதும்போது மட்டும் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நான் பார்த்ததும் பிடரிதான். முன்வரிசைக் கிழவருடையது. சிவப்புக் கம்பளிக் குல்லாய். இடது காதில் செவித்துணைக் கருவி. மேட்ச் தொடங்குமுன் 'யூ வில் நெவர் வாக் அலோன்' பாட்டுக்கு எல்லோரும் ஸ்கார்ஃபை விரித்துத் தலைக்குமேல் தூக்கினார்கள். மைதானமே மறைந்தது. கிழவர் மட்டும் கருவியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். இவ்வளவு சத்தத்துக்கு அது தேவையில்லை போலும்.

கையில் பை வைத்திருந்தேன். தோளில் மாட்டும் பையல்ல. உள்ளே இறைச்சியும் குழம்பும் வைத்துச் சுடுவார்களே, அந்தப் பை. குழம்பு ஸ்கார்ஃபில் சிந்தியது. துடைக்கக் குனிந்தேன். அப்போது, நூறு மீட்டர் தள்ளி எதிர்முனையில், கோல்.

மச்சான் பார்த்திருக்கலாமே எனின், அவர் என் ஸ்கார்ஃபைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அற்றேல், ஆரவாரமே காண்டலாகாதோ எனின், ஆகாது. ஆரவாரம் புகை, கோல் நெருப்பு. கார்னர் கிடைத்தாலும் இங்கே புகைகிறது. 2019-ல் வி.ஏ.ஆர். என்னும் வீடியோ நடுவர் முறை வந்தபின் நெருப்பைக் கண்டு கொண்டாடி முடித்த பிறகும், அது நெருப்பே அல்ல என்று அறிவிப்பு வருவதுண்டு. அந்தச் சீசனில் பெரிய திரை இல்லாத இரண்டே பிரிமியர் லீக் மைதானங்களில் ஆன்ஃபீல்டும் ஒன்று என்பதைச் சேர்த்து வாசிக்கவும்.

இனி உரையளவை. சுற்றியிருந்தவர்கள் ஸ்டிரைக்கரின் பெயரைப் பாட, நாங்களும் தொண்டை கிழியப் பாடினோம். இடைவேளையில் நெட்வொர்க் உயிர்பெற்றதும் வேளச்சேரியிலிருந்து என் மனைவியின் குரல் வந்து இறங்கியது: "ஏங்க, அதை அவன் அடிக்கலைங்க. டிஃபெண்டர் முட்டியில பட்டு உள்ள போச்சு. மூணு தடவ போட்டுக் காமிச்சான். பாத்துக்கிட்டே நின்னு தோசை கருகிருச்சு. அண்ணன்கிட்டயும் சொல்லிடுங்க."

மேட்ச் தொடங்கியபோது அங்கே சனிக்கிழமை மாலை மூன்று மணி. நம்மூரில் இரவு எட்டரை. இங்கிலாந்தில் சனிக்கிழமை 2.45 முதல் 5.15 வரை கால்பந்து நேரலை கிடையாது. டிவியில் பார்த்துப் பழகினால் சின்ன அணிகளின் மேட்சுக்கு ஆள் வராது என்று 1960களில் பர்ன்லி கிளப் தலைவர் பாப் லார்டு பிடித்த பிடிவாதம் இன்னும் நிற்கிறது. ஆகவே மைதானத்துச் சுவரை ஒட்டிய தெருவில், வீட்டில் இருப்பவனுக்கு வாய்த்தது கருதல். ஸ்டாண்டில் நின்ற எனக்கு, உரை. காண்டல் முழுவதும் வேளச்சேரியில், அடுப்படி வாசலில், கரண்டியும் கையுமாக நின்றவளுக்கு.

காணாதது ரசிகன் குற்றமா என்றால், 2019 மே மாதம் இதே மைதானத்தில் லிவர்பூலின் அலெக்சாண்டர்-அர்னால்டு சட்டென்று கார்னரைத் தட்டிவிட்டபோது, காவல் நின்ற பார்சிலோனாக்காரர்களே பார்க்கவில்லை. அவர்கள் திரும்புவதற்குள் ஒரிகி அடித்துவிட்டார். அவர்களுக்குச் சம்பளம் வேறு.

எனினும் ஒரு மறுப்பு. காண்டல் கண்ணுக்கு மட்டும் உரியதன்று, ஐம்பொறிக்கும் உரியது. கோல் விழுந்த நொடியில் கிழவர் திரும்பி, யார் எவர் என்று பாராமல் என்னை இறுக்கிக் கட்டிக்கொண்டார். சவரம் செய்யாத கன்னம், ஈரமாக இருந்தது. பையின் குழம்பு முழுக்க அவர் கோட்டில். துடைக்கப் போனேன், கையைத் தட்டிவிட்டு மறுபடி கட்டிக்கொண்டார். இதை வேளச்சேரியில் எந்தச் சேனலும் காட்டவில்லை.

பாடபேதங்கள் இப்போது பெருகி வருகின்றன. மச்சானின் அலுவலகப் பாடத்தில் பந்து முட்டியில் படுகிறது. சென்ற மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் கேட்ட பாடத்தில் முட்டியே இல்லை. இருபத்தைந்து கெஜத்திலிருந்து இடது காலால் அடித்து, வலையின் மேல்மூலையில் விழுந்தது. இரண்டு இலை தள்ளி உட்கார்ந்திருந்த என் மனைவி, ரசத்துக்குக் குழி செய்துகொண்டே, "அப்புறம்ணா?" என்றாள்.