அப்பா பெயரில் அறக்கட்டளை

ஊருக்கே பிரசங்கம் செய்பவர்களைப் பெஞ்சில் உட்காரவைத்து, பிரசங்கம் செய்வது எப்படி என்று பாடம் நடத்துவதற்குத் துணிச்சல் வேண்டும். அமெரிக்காவின் யேல் இறையியல் பள்ளியில் அதற்கென்றே 1871-ல் மரவியாபாரி ஹென்றி சேஜ் 10,000 டாலர் கொடுத்தார். போதகர் லைமன் பீச்சர் நினைவாக ஆண்டுதோறும் சொற்பொழிவு.

முதல் பேச்சாளராக ஆள் தேடி அலையவில்லை. லைமனின் மகன் ஹென்றி வார்ட் பீச்சரே வந்தார். சேஜுடைய சபைப் போதகரும் அவர்தான். அடுத்த ஆண்டும் அவரே. அதற்கடுத்த ஆண்டும் (யூகித்திருப்பீர்கள்) அவரே!

1875-ல் அதே போதகர், சபையார் ஒருவரின் மனைவியோடு தகாத உறவு என்ற வழக்கில் புரூக்ளின் நீதிமன்றம் ஏறினார். மாதக்கணக்கில் கேட்ட ஜூரிகளால் ஒருமித்த முடிவுக்கு வர முடியவில்லை. சொற்பொழிவு மட்டும் இன்றும் நடக்கிறது.