கண்ணாடிக்குள் இடமிருந்து நான்காவது: வெட்டி ஒட்டியவற்றைச் சுவரில் மாட்டுதல் குறித்த ஓர் ஆய்வு

ஆய்வின் எல்லையை முதலில் வரையறுத்துவிடலாம். கூடத்துச் சுவரில் சாமி படங்களுக்கும் மாலை போட்ட தாத்தாவுக்கும் ஒதுக்கியதுபோக, கடிகாரத்துக்கும் டியூப்லைட்டுக்கும் நடுவே மிஞ்சுகிற இரண்டடி நிலப்பரப்பே இக்கட்டுரையின் களம். அங்கே கண்ணாடி போட்டு மாட்டியிருக்கும் வெட்டி ஒட்டிய காகிதமே ஆய்வுப்பொருள்.

மாதிரிகளில் தலையாயது, மாவட்டப் பதிப்பில் வந்த பரிசளிப்பு விழாப் படம். நிற்போர் வரிசையில் இடமிருந்து நான்காவது தலை வீட்டுப் பிள்ளையுடையது. ஐயத்துக்கு இடமில்லாதபடி அதைச் சுற்றிச் சிவப்புப் பேனாவில் ஒரு வட்டம் இருக்கும். செய்தியில் பெயர் தப்பாக அச்சாகியிருந்தால் அப்பாவின் கையெழுத்தில் திருத்தமும் இருக்கும். இதைப் பாடபேதம் என்று கொள்க. அடுத்தது, ஆசிரியருக்குக் கடிதம் பகுதியில் மாமா எழுதி வெளிவந்த நான்கு வரி. மூன்றாவது, பள்ளி நாளில் ஸ்கிராப் புக்கில் ஒட்டிய கபில்தேவ். 1983 உலகக் கோப்பையோடு நிற்கும் அவருடைய வயிற்றில் இரண்டு துளைகள் தெரிந்தால் பதற வேண்டாம். அவர் வார இதழின் நடுப்பக்கத்திலிருந்து வந்தவர். அது பின் அடித்த இடம்.

முன்னோடிகளுக்கும் இத்துறையில் குறைவில்லை. இங்கிலாந்துப் பாதிரியார் ஜேம்ஸ் கிரேஞ்சர், பிரமுகர்களின் உருவப்படங்களை வகைப்படுத்தி 1769இல் ஒரு வரலாற்று நூல் வெளியிட்டார். வாங்கியவர்கள் வேறு புத்தகங்களிலிருந்து படங்களை வெட்டி அதில் சேர்க்க ஆரம்பித்தார்கள். அதுவே மோகமாகி, எத்தனையோ நல்ல நூல்கள் படமிழந்து நின்றன. நூலகத்து வார இதழில் நடிகர் படம் இருந்த இடத்தில் சதுரமாக ஒரு சன்னல் திறந்திருப்பதையும், அதன் வழியே பின்பக்கச் சிறுகதையின் முடிவு வெளியேறிவிட்டதையும் கண்ட தமிழ் வாசகருக்கு இது புதிதல்ல. அமெரிக்காவில் மார்க் ட்வைன், பக்கங்களில் முன்கூட்டியே பசை தடவிய ஸ்கிராப் புக்குக்கு 1873இல் காப்புரிமை பெற்றார். இங்கேயோ, ரவி வர்மா 1894இல் தொடங்கிய அச்சகத்து லட்சுமிக்கும் சரஸ்வதிக்கும் பல வீடுகளில் ஜரிகையும் ஜிகினாவும் துணியும் ஒட்டிப் புடவை கட்டிவிட்ட பிறகே கண்ணாடி போட்டார்கள். காப்புரிமையெல்லாம் யாரும் கேட்கவில்லை.

இனி கருதுகோள்: எந்தப் பக்கத்தை வீடு அதிகம் கொண்டாடுகிறதோ அதுவே முதலில் அழிகிறது.

ஒப்பீட்டுக்குப் 'பொன்னியின் செல்வ'னை எடுத்துக்கொள்ளலாம். 1950 முதல் 1954 வரை 'கல்கி'யில் அது தொடராக வந்தபோது, மணியத்தின் ஓவியங்களோடு வாராவாரம் எடுத்துச் சேர்த்து பைண்டு செய்தவர்கள் ஏராளம். மைதா பசையில் மயில்துத்தம் கலந்து ஒட்டி, பெட்டியின் இருட்டில் போட்டு மறந்துபோன அந்தத் தொகுப்புகளில் பல இன்றும் புரட்டிப் படிக்கும் நிலையில் இருக்கின்றன. சுவருக்கு வந்த பிள்ளையின் கதி வேறு. அச்சு மையில் கரி இருப்பதால் வரிசையில் நிற்போர் மங்கவில்லை. வெளிச்சத்தில் வெளிறியது சிவப்பு வட்டம்தான். எது நம் பிள்ளை என்று இப்போது அம்மாவைக் கூப்பிட்டுத்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

செய்தித்தாள் காகிதம் பெரும்பாலும் மரத்தை அரைத்த கூழில் ஆனது. அதிலுள்ள லிக்னின் வெளிச்சமும் காற்றும் பட்டால் மஞ்சளாகும். அமிலம் ஊறிக் காகிதம் அப்பளம்போல் நொறுங்கும். கரூர் மாவட்டத்துப் புகளூர் ஆலை கரும்புச் சக்கையிலும் செய்தித்தாள் காகிதம் செய்து காட்டியது. சக்கையிலும் லிக்னின் உண்டு என்பதால் இனிப்பான பூர்வீகம் உதவவில்லை. அருங்காட்சியகங்கள் காகிதப் பொருளுக்கு 50 லக்ஸ் வெளிச்சம் போதும் என்று நிறுத்திக்கொள்கின்றன. உச்சிவெயில் ஒரு லட்சம் லக்ஸைத் தொடும். அதில் ஒரு சிறுபங்கு சன்னல் வழியே வந்து விழுந்தாலும் நிலைமையை ஊகிக்கலாம். சாதாரணக் கண்ணாடி புற ஊதாக் கதிரில் ஒரு பகுதியைத்தான் தடுக்கும். தூசியைத் தடுப்பதில் மட்டும் அதற்கு முழுத் தேர்ச்சி.

ஃபிரேம் கடையில் காசு மிச்சம் பிடிப்பது இன்னொரு காரணி. மவுண்ட் அட்டை வேண்டாம் என்று சொல்லிவிட்டால் கண்ணாடி நேராகக் காகிதத்தின் மேல் படுத்துவிடும். சென்னையின் ஈரக்காற்றில் வழவழப்பான ஆர்ட் பேப்பரின் மேல்பூச்சு இளகிக் கண்ணாடியைப் பற்றிக்கொள்ளும். பிறகு பிரிக்கப் போனால் கபில்தேவின் மீசை கண்ணாடியோடு வந்துவிடும். செலோடேப் போட்டு ஒட்டியிருந்தால், நாடா உதிர்ந்த பிறகும் அதன் பசை பழுப்புக் கறையாகத் தங்கிவிடும்.

இதற்கெல்லாம் ஊர் கண்ட பரிகாரம் லேமினேஷன். மதிப்பெண் சான்றிதழ் முதல் கல்யாணப் பத்திரிகை வரை அகப்பட்டதையெல்லாம் பிளாஸ்டிக்கில் அடக்கம் செய்தாயிற்று. சூட்டில் உருகி ஒட்டியதை வீட்டில் யாராலும் கழற்ற முடியாது; உள்ளே அமிலம் தன் பணியைத் தொடரும். பெரிய இடங்களும் இதில் சறுக்கியிருக்கின்றன. அமெரிக்காவில் வில்லியம் பாரோ 1930களில் புகுத்திய செல்லுலோஸ் அசிட்டேட் லேமினேஷனுக்குள் போன ஆவணங்களைப் பின்னால் வந்த பாதுகாப்பு வல்லுநர்கள் கரைப்பானில் ஊறவைத்து மீட்க வேண்டியதாயிற்று.

நம்மவர் தற்செயலாகச் சரியாகச் செய்த காரியமும் ஒன்று உண்டு. பழைய வீடுகளில் படத்தைச் சுவரோடு ஒட்டாமல், மேல்பக்கம் முன்னால் சாயும்படி மாட்டுவார்கள். கும்பிடுகிறவரைச் சாமி குனிந்து பார்ப்பதற்காக என்பது பாட்டிகளின் கொள்கை. விளக்கு வெளிச்சம் கண்ணாடியில் பட்டுக் கண் கூசாமலிருக்க என்பது மாமாக்களின் கொள்கை. சுவரின் ஈரம் ஏறாதபடி பின்னால் காற்று நடமாட வேண்டும் என்பது பாதுகாப்பு அறிவியலின் கொள்கை. இதற்காகவே சட்டத்தின் கீழ் மூலைகளில் சிறு தக்கைத் துண்டுகள் ஒட்டச் சொல்கிறார்கள். நம் சாய்வு அதைச் செலவில்லாமல் செய்ததோடு, சிட்டுக்குருவிக்கும் பல்லிக்கும் வீடு கட்டியும் கொடுத்தது. குருவி காலி செய்துவிட்டது. பல்லி இருக்கிறது.

இராமபாணப் பூச்சியின் வழக்கு தனி. அதற்குப் பசையிலுள்ள மாவுதான் விருந்து. பிள்ளையின் சாதனையில் அக்கறையில்லை. தஞ்சை சரஸ்வதி மகால் நூலகத்தில் வசம்பு, கருஞ்சீரகம், கிராம்பு, மிளகு, பட்டை ஆகியவற்றைப் பொடித்துக் கற்பூரம் சேர்த்துத் துணியில் முடிந்து சுவடிகளுக்கிடையே வைத்தார்கள். அஞ்சறைப்பெட்டிக்கும் ஆவணக் காப்பகத்துக்கும் தூரம் அதிகமில்லை.

ஆய்வின் தீர்ப்பு எளியது. சுவருக்கு நல்ல கலர் ஜெராக்ஸ் போதும். அசலை அமிலமில்லாத உறையில் போட்டு, இருட்டான அலமாரியில், ஈரச் சுவரைத் தொடாமல் வைக்க வேண்டும். அசலைத்தான் மாட்டுவேன் என்று அடம்பிடிப்பவர், வெயில் படாத சுவரைத் தேர்ந்து, அமிலமில்லாத மவுண்ட் அட்டையால் கண்ணாடிக்கும் காகிதத்துக்கும் இடைவெளி விட்டு, மெல்லிய ஜப்பானியத் தாள் கீற்றால் மேல் விளிம்பை மட்டும் பிடித்துத் தொங்கவிடட்டும்.

கோட்டையூர் ரோஜா முத்தையா நூல்களோடு கல்யாண அழைப்பிதழையும் துண்டு நோட்டீஸையும் சேர்த்து வைத்தார்; இன்று அவர் பெயரில் சென்னையில் ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. ஆகவே உங்கள் நறுக்கும் நாளைக்கு ஆவணமாகலாம். ஆனால் வெட்டுகிறவர் படத்தை ஒட்டி அழகாக வெட்டும்போது, பக்கத்தின் தலையிலுள்ள தேதியைத்தான் முதலில் குப்பைக்கு அனுப்புகிறார். கத்தரிக்கோலை எடுக்கும் முன் இதழின் பெயர், தேதி, பதிப்பு மூன்றையும் ஓரத்தில் பென்சிலால் எழுதிவிடுங்கள். பேனா வேண்டாம்.